மாட்டுக்குப் பதிலாகக் குதிரை



பாரிஸின் 15ஆம் வட்டாரத்தில், ஜார்ஜ் பிராசான்ஸ் பூங்காவை ஒட்டி, சனி ஞாயிறுகளில் பழைய புத்தகச் சந்தை கூடும். இரும்புத் தூண்களின் மேல் கூரை, சுற்றிலும் திறப்பு. மழை பெய்தாலும் நனையாமல் பகல் முழுக்க நின்று புரட்டலாம். அந்தக் கூரையை எதற்காகப் போட்டார்கள் என்பது அங்கே போய்வரும் நம் நண்பர்கள் பலருக்குத் தெரியாது. பூங்கா இருக்கும் இடம் முழுவதும் ஒரு காலத்தில் வோஜிரார் இறைச்சிக்கூடம். நாம் புத்தகம் பொறுக்குகிற கொட்டகை அன்று குதிரைக் கொட்டகை. அங்கே எமில் தெக்ருவா என்ற படைக் கால்நடை மருத்துவருக்கு மார்பளவுச் சிலை ஒன்று வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு மக்களைக் குதிரை இறைச்சி சாப்பிட வைக்கப் பாடுபட்டதற்காக அவருக்கு இந்த மரியாதை. உலகத்தில் எத்தனையோ காரணங்களுக்காகச் சிலை வைத்திருக்கிறார்கள், இப்படி ஒரு காரணத்துக்கு வைத்த வேறு சிலையை நான் பார்த்ததில்லை.

ஐரோப்பாவில் குதிரை தின்னும் வழக்கம் எப்படி நின்றது என்று கேட்டால், வழக்கமாகக் காட்டப்படுவது ஒரு கடிதம். 732ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் கிரகோரி, ஜெர்மானிய நிலங்களில் மதம் பரப்பிக்கொண்டிருந்த போனிபாஸுக்கு எழுதியது. குதிரை தின்பது அருவருப்பான பழக்கம், அதை நிறுத்துங்கள் என்றார். வடக்கத்திய மக்கள் தங்கள் பழைய தெய்வங்களுக்குக் குதிரையைப் பலியிட்டு உண்டுவந்தார்கள், இறைச்சியை விடுவதும் அந்தத் தெய்வங்களை விடுவதும் ஒன்றாகிப் போனது. ஐஸ்லாந்துக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில் அவர்களுடைய மன்றம் கிறித்தவத்தை ஏற்றபோது, குதிரை இறைச்சிக்கு விலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது. பின்னாளில் அதுவும் பறிபோனது வேறு கதை.

நான் பேச வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றி. திருத்தந்தையின் தடைக்குப் பிறகு ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஓடி, தடைக்கான காரணம் எல்லோருக்கும் மறந்துபோய், அருவருப்பு மட்டும் மிஞ்சியிருந்த காலம். பாரிஸ் தெருக்களில் குதிரை இழுக்காத வண்டி கிடையாது. மாட்டிறைச்சியோ தொழிலாளி வீட்டுக்கு எப்போதாவது வருகிற விருந்தாளி. 1856இல் இசிதோர் ழோஃப்ருவா சேன்ட் இலேர் என்ற விலங்கியல் அறிஞர் குதிரை இறைச்சி பற்றித் தொடர்கடிதங்களாக ஒரு நூல் எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. இந்த நாட்டில் லட்சக்கணக்கானோர் ஆண்டுக்குச் சில முறைதான் இறைச்சியைக் கண்ணால் பார்க்கிறார்கள். அதே நாட்டில் செத்த, கிழட்டுக் குதிரைகளின் நல்ல இறைச்சி நாய்க்கும் பன்றிக்கும் போகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள் என்றார்.

அவருக்கு முன்னோடிகள் உண்டு. நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே, 1809இல் வியன்னாவுக்கு அருகே டான்யூப் நதித் தீவில் காயம்பட்டவர்களோடு சிக்கிக்கொண்டபோது குதிரையை வெட்டிச் சூப்பு வைத்துக் கொடுத்தார். சட்டி இல்லாததால் குதிரைவீரர்களின் மார்புக் கவசத்தைக் கவிழ்த்து அதில் காய்ச்சினார்களாம். உப்புக்கு வெடிமருந்து.

ஆனால் போர்க்களத்துக் கதையைச் சொல்லி ஊர்ச்சனங்களை மாற்ற முடியாது. அதனால் விருந்து வைத்தார்கள். 1855 டிசம்பரில், பாரிஸை அடுத்த அல்ஃபோர் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 23 வயதுக் குதிரை ஒன்றை அறுத்துச் சமைத்தார்கள். பக்கத்திலேயே மாட்டிறைச்சியையும் அதே விதமாகச் சமைத்து வைத்தார்கள். இதுவும் சூப்பு, அதுவும் சூப்பு. இதுவும் வறுவல், அதுவும் வறுவல். வந்திருந்த மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் மாறி மாறிச் சுவைத்து, குதிரைச் சூப்பு மாட்டுச் சூப்பைவிட மேல், வறுத்த குதிரையும் மேல், வேகவைத்ததுதான் நல்ல மாட்டுக்குச் சற்றுக் கீழே என்று தீர்ப்பு எழுதினார்கள். இதற்குப் பிறகும் பாரிஸில் பெரிய பெரிய விருந்துகள் நடந்தன.

இங்கேதான் எனக்கு ஓர் உறுத்தல். விருந்தில் உட்கார்ந்தவர்கள் மறுநாள் வீட்டுக்குப் போய் மாட்டிறைச்சியே சாப்பிட்டிருப்பார்கள். அவர்களுக்குக் குதிரை ஒரு பரிசோதனை, ஏழைக்குத்தான் அது தினசரிச் சாப்பாடாக வேண்டும் என்று நினைத்தார்கள். தெக்ருவாவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர் ஏழைகளுக்கு இலவசமாகக் குதிரை இறைச்சி பகிர்ந்தவர். விலங்குப் பாதுகாப்புச் சங்கத்துக்காரரும்கூட. விலங்கைக் காப்பாற்றுகிறவர் எப்படி அதைத் தின்னச் சொல்கிறார் என்று கேட்கத் தோன்றும். அவர் கணக்கு இதுதான்: கிழட்டு வண்டிக்குதிரைக்கு விலை இல்லாததால்தான் சொந்தக்காரன் அது விழுந்து சாகும்வரை அடித்து ஓட்டுகிறான். இறைச்சிக்கு விலை வந்துவிட்டால் நல்ல உடம்போடு இருக்கும்போதே விற்றுவிடுவான், கடைசி நாளிலும் தீனி போடுவான். குதிரைக்கு நல்ல சாவு கிடைக்க வழி அதன் இறைச்சியை விற்பது! தர்க்கத்தில் பழுதில்லை. கேட்டால் வயிற்றைப் பிசைகிறது, அவ்வளவுதான்.

1866 ஜூன் மாதம் அரசு அனுமதி தந்தது. ஜூலை 9ஆம் தேதி பாரிஸின் முதல் குதிரை இறைச்சிக் கடை இத்தாலி சதுக்கத்தில் திறந்தது. கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை போட வேண்டும், குதிரை இறைச்சி என்று பலகையில் தெளிவாக எழுத வேண்டும் என்பது விதி. விலை மாட்டிறைச்சியில் ஏறக்குறைய பாதி. அப்படியிருந்தும் கூட்டம் அலைமோதவில்லை. உழைத்துச் சம்பாதிக்கிறவனுக்குத் தன் தட்டில் மாடு விழ வேண்டும் என்ற ஆசை இருக்காதா? "உனக்கு இது போதும்" என்று மேலேயிருந்து ஒருவர் சொன்னால், நாக்குக்கு முன்னால் மானம் முகம் சுளிக்கும். குதிரையின் ருசி பற்றிக் கட்டுரை எழுதியவர்கள் இந்த ருசியைக் கணக்கில் எடுக்கவில்லை.

கணக்கை மாற்றியது போர். 1870 செப்டம்பர் 19 முதல் 1871 ஜனவரி 28 வரை பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்து நின்றது. ஏறக்குறைய இருபது லட்சம் பேர் உள்ளே. மாடும் ஆடும் தீர்ந்தன. அதன் பிறகு வண்டிக்குதிரை, பந்தயக்குதிரை, படைக்குதிரை எல்லாம் வெட்டுக்குப் போயின. ரஷ்யப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்குப் பரிசாகத் தந்திருந்த இரண்டு குதிரைகளும் அவற்றில் சேர்த்தி. அந்த நாலு மாதத்தில் 65,000க்கும் மேற்பட்ட குதிரைகளை நகரம் தின்றது என்பது பொதுவான மதிப்பீடு. இந்த முற்றுகை என்றாலே எல்லோரும் விலங்குக்காட்சிச் சாலையின் காஸ்டர், போலக்ஸ் என்ற இரண்டு யானைகளைச் சாப்பிட்ட கதையைத்தான் சொல்வார்கள். யானைத் துண்டு பணக்காரர் மேசைக்குப் போன வேடிக்கைப் பொருள். ஊரை உயிரோடு வைத்திருந்தது குதிரை. பதினைந்து ஆண்டுகள் அறிஞர்கள் விருந்து வைத்துச் சாதிக்காததைப் பசி சில வாரங்களில் சாதித்தது.

முற்றுகை முடிந்து மாட்டிறைச்சி திரும்பி வந்த பின்னும் குதிரைக் கடைகள் பெருகின. வாசலுக்கு மேல் பொன்னிறக் குதிரைத் தலை தொங்கும் கடைகள் தொழிலாளர் குடியிருப்புகளில் சாதாரணமாயின. மாட்டுக்குக் காசநோய் வரும், குதிரைக்கு அநேகமாக வராது என்பதால் நோயாளிகளுக்குப் பச்சைக் குதிரை இறைச்சியை மருத்துவர்களே எழுதிக்கொடுத்த காலமும் உண்டு. ஆங்கிலேயர்கள் 1868இல் லண்டன் லாங்கம் விடுதியில் இதே மாதிரி ஒரு விருந்து வைத்துப் பார்த்தார்கள். மூச்சுவிடாமல் தோற்றது. 1889இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. குதிரை இறைச்சி விற்கும் கடையில் நான்கு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் அதை எழுதிவைக்க வேண்டும்.

அந்த எழுத்துக்கு என்ன அவசியம் என்பது 2013இல் புரிந்தது. அந்த ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி என்று விற்ற பர்கர்களில் குதிரை இருப்பதைக் கண்டுபிடித்தது. ஒன்றில் 29 சதவீதம். பிறகு உறைந்த லசாஞ்ஞா பெட்டிகள் சிக்கின. ருமேனியாவில் குதிரையாகவே கிளம்பிய இறைச்சி, வழியில் காகிதத்தில் மாடாக மாறியிருந்தது. பாரிஸில் எங்கள் அடுக்ககத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். செய்தியைக் கேட்டுவிட்டு, "நாங்கள் மாடும் தின்னுறேல்ல, குதிரையும் தின்னுறேல்ல. எங்களுக்கென்ன தம்பி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு என்ன குடுக்கிறாங்களோ" என்றார். குதிரைக் கடைக்குப் பழகிய பிரான்ஸிலும் கோபம் குறைவாக இல்லை. கேட்காமல் வாய்க்குள் திணித்துவிட்டார்களே என்ற கோபம் அது.

சரி, ஏமாற்றாமல், இது குதிரைதான் என்று முகத்துக்கு நேரே சொல்லி நீட்டினால்? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் இந்தியர்கள் இருக்கிறார்கள்.

1915 டிசம்பர் 7. இன்றைய ஈராக்கில், டைக்ரிஸ் நதி வளைவில், குட் என்ற சிற்றூர். ஜெனரல் டவுன்ஷெண்ட் தலைமையில் பின்வாங்கி வந்த 6ஆவது இந்தியப் படைப்பிரிவை உஸ்மானியத் துருக்கியர் அங்கே முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்த படைவீரர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உணவு குறைந்தபோது பிரிட்டிஷ் வீரர்கள் தயங்காமல் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் மாறினார்கள். லண்டனில் விருந்து வைத்தும் உண்ணாத இனம்! சிப்பாய்கள் மறுத்தார்கள்.

அதிகாரிகளுக்கு இது விளங்கவில்லை. 1857க்குப் பிறகு சிப்பாயிடம் பசுவையோ பன்றியையோ நீட்ட எந்த அதிகாரியும் துணியமாட்டான். குதிரை இரண்டும் இல்லையே, இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் பொதுவாகக் கொடுத்துவிடலாமே என்று நினைத்தார்கள். இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதியைத் தந்தியில் வரவழைத்துப் படித்துக் காட்டினார்கள். அதற்கும் பெரும்பாலானவர்கள் அசையவில்லை. அவர்களுடைய பயம் நரகத்தைப் பற்றியது மட்டுமல்ல. ஊருக்குத் திரும்பினால் யார் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், நம் பெண்ணை யார் கட்டுவார்கள் என்பது. தந்தி அனுப்பிய பெரியவர் அந்தக் கிராமத்துத் திண்ணையில் வந்து உட்காரப் போவதில்லை என்பது சிப்பாய்க்குத் தெரியும். இதை மூடநம்பிக்கை என்று எழுதிவைத்த அதிகாரிகள் உண்டு. எனக்கு அது மிகத் துல்லியமான கணக்காகவே படுகிறது.

அந்தக் கணக்குக்கு உடம்பு விலை கொடுத்தது. குட் முற்றுகை மருத்துவ வரலாற்றில் ஒரு பாடம். வெள்ளை ரொட்டியும் குதிரையும் உண்ட பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது. தவிடு நீக்காத ஆட்டாவைத் தின்ற சிப்பாய்களுக்குப் பெரிபெரி வரவில்லை. புதிய இறைச்சியும் காய்கறியும் இல்லாததால் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி வந்தது. ஒரே ஊர், ஒரே முற்றுகை, தட்டைப் பொறுத்து இரண்டு நோய். பின்னால் ஆட்டாவைப் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் கொடுத்தபோது அவர்களுடைய பெரிபெரி அடங்கியது. அவர்கள் சிப்பாயின் மாவை ஏற்க யாரும் தந்தி அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரலில் மாவு அளவை மேலும் குறைத்தார்கள். குதிரை உண்ண மறுக்கும் இந்திய அதிகாரிகளின் இடத்துக்கு உண்பவர்களை உயர்த்த வேண்டிவரும் என்று டவுன்ஷெண்ட் அறிவித்தார். மதத்தால் முடியாததைப் பதவியும் பட்டினியும் சேர்ந்து செய்தன. ஆயிரக்கணக்கானோர் சாப்பிடத் தொடங்கினார்கள். அதற்குள் மிச்சமிருந்த குதிரைகளும் எலும்பும் தோலுமாகிவிட்டன.

1916 ஏப்ரல் 29இல் குட் சரணடைந்தது. ஏறக்குறைய 13,000 பேர் கைதிகளானார்கள், அவர்களில் பெரும்பாலோர் வடக்கே பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்டார்கள். குதிரை சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் அந்த ஒரே வரிசையில் நடந்தார்கள்.