குண்டும் பயிற்சியும்: வாய்வழித் துவக்கின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

படைக்கலங்களின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. டெல்வின், மினியே, விற்வேர்த் எனப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது, துவக்கு தனது உள்ளார்ந்த தர்க்கத்தினாலேயே வளர்ந்தது என்னும் தோற்றம் ஏற்பட்டுவிடுகிறது. எத்தகைய குண்டைக் கொண்டு எவர் சுடக் கற்றனர், எதற்காகக் கற்பிக்கப்பட்டனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. சுடுதலைப் புதிதாகக் கற்கும் இளைஞனுக்குரிய குண்டைத் தெரிவுசெய்தல் வெறுந் தொழினுட்பத் தீர்மானமன்று. அது சமூக உறவுகளின் வெளிப்பாடுமாகும். 19ஆம் நூற்றாண்டின் நடுக்கூற்றிலே பிரித்தானியப் பேரரசில் நிகழ்ந்த மாற்றங்களை முதன்மையாகக் கொண்டு இக்கருத்தை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

ஈழத்தில் 'இடியன்' என வழங்கும் துவக்கைப் போன்றே, வாய்வழித் துவக்குகள் யாவற்றிலும் மருந்தும் குண்டும் குழலின் வாய்வழியாக இடப்பட்டுக் கோலினால் இடித்து இறுக்கப்படும். இம்முறையில் அடிப்படையான முரண்பாடொன்று உண்டு. குண்டு விரைவாக உள்ளிறங்குவதற்கு அது குழலிலும் சிறியதாயிருத்தல் வேண்டும். குறி தவறாது செல்வதற்கோ அது குழலோடு இறுகப் பொருந்துதல் வேண்டும். இம்முரண்பாட்டை ஒவ்வொரு சமுதாயமும் தன் தேவைக்கேற்பவே தீர்த்துக்கொண்டது.

18ஆம் நூற்றாண்டின் பிரித்தானியக் காலாட்படைத் துவக்கின் குழல்விட்டம் ஏறத்தாழ 0.75 அங்குலம், அதற்கு இடப்பட்ட உருண்டைக் குண்டின் விட்டமோ ஏறத்தாழ 0.69 அங்குலமே. இவ்விடைவெளி குறியைக் கெடுத்தது. ஆயின் விரைவை அளித்தது. அணிவகுத்து நின்று கட்டளைக்கேற்ப ஒருங்கே சுடும் படைக்கு விரைவே வேண்டப்பட்டது. நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டுப் படையிற் சேர்ந்த உழவர் மகனுக்கு முதன்மையாகக் கற்பிக்கப்பட்டவை மருந்திடும் அசைவுகளும் கீழ்ப்படிதலுமேயாம். குறிபார்க்கும் தனியாளாக அவன் கருதப்படவில்லை.

இதற்கு மறுதலையாக அமைந்தது வட அமெரிக்கக் குடியேற்ற எல்லைப்புறம். பென்சில்வேனியாவில் ஜேர்மன் வழிவந்த கொல்லர் செய்த புரிக்குழற் துவக்கில், கொழுப்புத் தடவிய துணித்துண்டினாற் பொதியப்பட்ட சிறு குண்டு இடப்பட்டது. துணி, குழலின் புரிகளைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழலச் செய்தது. 0.45 அங்குலக் குண்டுகள் ஏறக்குறைய ஐம்பதை ஓர் இறாத்தல் ஈயத்தில் வார்க்கலாம், 0.69 அங்குலக் குண்டோ பதினான்கு மட்டிலேயே தேறும். சிறு குண்டு, குறைந்த மருந்து, குறைந்த உதைப்பு என்பன வேட்டை பழகும் சிறுவனின் தோளுக்கும் குடும்பத்தின் சிக்கனத்துக்கும் ஒருங்கே இயைந்தன. சிறுநிலவுடைமையாளனின் உற்பத்தி வாழ்வே இங்கு ஆசானாயிற்று. அந்நிலம் பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும், அதே துவக்கு அப்பறிப்புக்கும் கருவியாயிற்று என்பதையும் உடன் மனங்கொள்ளல் வேண்டும்.

2

மேற்கூறிய முரண்பாட்டுக்கு 1849இல் பிரான்சிய அதிகாரியான மினியே உருவாக்கிய குண்டு பெருமளவில் தீர்வு கண்டது. கூம்பிய முனையும் குழிந்த அடியும் கொண்ட இந்நீள்குண்டு குழலுள் எளிதாக இறங்கும். மருந்து வெடித்ததும் அடிப்பகுதி விரிந்து புரிகளைப் பற்றும். இத்தத்துவத்தைத் தழுவியே பிரித்தானியாவின் 1853ஆம் ஆண்டு என்பீல்ட் றைபிள் அமைந்தது. அதன் குழல்விட்டம் 0.577 அங்குலம், குண்டு தொடக்கத்தில் 0.568 அங்குல விட்டமும் 530 கிறேன் நிறையும் உடையது.

அதே 1853ஆம் ஆண்டிலே ஹைத் என்னும் இடத்தில் துவக்குப் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பட்டமை தற்செயலன்று. நெடுந்தூரத்தில் இக்குண்டு வளைந்தே வீழ்வதால், தூரத்தை மதிப்பிடத் தெரியாதவன் கையில் அதன் நுட்பம் பயனற்றது. எனவே குறிபார்த்தல், மருந்தின்றித் தொப்பியை மட்டும் வெடித்தல், தூரங் கணித்தல் எனப் படிப்படியாகப் பயிற்சி வகுக்கப்பட்டது. குண்டிட்டுச் சுடுதல் இவற்றின் பின்னரே வந்தது. ஆலைத் தொழிலாளியின் உழைப்பைக் கூறுபடுத்திக் கணித்த யுகம், படைவீரனின் பார்வையையும் மூச்சையும் அவ்வாறே ஒழுங்குபடுத்த முற்பட்டது எனலாம்.

3

இப்பயிற்சி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டபோது அதன் மறுபக்கம் வெளிப்பட்டது. 1857இன் தொடக்கத்தில் டம் டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களிலிருந்த பயிற்சி நிலையங்களுக்குப் புதிய றைபிளைக் கற்கவெனச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டனர். தோட்டாவின் தாளில் தடவப்பட்ட கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற ஐயம் அங்கேயே தீப்பற்றியது. தாளைப் பல்லாற் கடிப்பதற்குப் பதிலாகக் கையாற் கிழிக்கலாம் எனப் பயிற்சிமுறை திருத்தப்பட்டும் ஐயம் நீங்கவில்லை. நிலவரி, அரசுகளின் இணைப்பு, படையினரின் சலுகை இழப்பு ஆகியவற்றால் முன்னரே திரண்டிருந்த வெறுப்பு இத்தோட்டாவில் தன் குறியீட்டைக் கண்டுகொண்டது. கிளர்ச்சிக்கு மதவுணர்வு ஒன்றே காரணமென்பதும், மதவுணர்வு வெறும் சாக்கே என்பதும் ஒருபக்கப் பார்வைகளாகும்.

மருந்துக்கரி படிந்த குழலில் 0.568 அங்குலக் குண்டு இறங்க மறுத்தமையும் போர்க்களத்தில் உணரப்பட்டது. பின்னர் அதன் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

4

1859இல் பிரான்சியப் படையெடுப்பு அச்சத்தால் இங்கிலாந்தில் தொண்டர் றைபிள் இயக்கம் தோன்றியது. ஆயுதத்தையும் உடையையும் தொடக்கத்தில் தாமே வாங்க வேண்டியிருந்தமையால் நடுத்தர வர்க்க இளைஞரே முதலில் மிகுதியாகச் சேர்ந்தனர். மஞ்செஸ்ரரில் வாழ்ந்த ஏங்கெல்ஸ் இத்தொண்டர்களுக்கான ஏட்டில் 1860-61இல் றைபிளின் வரலாற்றைத் தொடராக எழுதினார். படைத்தொழினுட்பத்தை வரலாற்றுப் பொருள்முதல்வாதி புறக்கணிக்கலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

1860இல் விம்பிள்டனில் நடந்த முதற் போட்டியை விக்ரோறியா அரசியார் விற்வேர்த் றைபிளாற் சுட்டுத் தொடக்கிவைத்தார். அறுகோணக் குண்டிட்ட அத்துவக்கு நெடுந்தூரச் சோதனைகளில் என்பீல்டை விஞ்சியது. எனினும் விலையும், கரி படியும் இயல்பும் அதனைப் பொதுப்படைக்கு உரியதாக்கவில்லை. அது சிறப்புக் குறிகாரரின் கருவியாகவே நின்றது. 1861 முதல் உயர்குடிப் பள்ளி மாணவருக்கும் விம்பிள்டனில் போட்டி வைக்கப்பட்டது.

இதே காலத்தில் இந்தியச் சிப்பாய்க்கு வழங்கப்பட்டது யாது? 1858ஆம் ஆண்டு மாதிரித் துவக்கு. புறத்தோற்றத்தில் அது என்பீல்டே. ஆயின் அதன் குழல் 0.656 அங்குலமாகப் புரியின்றி வழுவழுப்பாகக் கடையப்பட்டு, மீண்டும் உருண்டைக் குண்டுக்கே உரியதாக்கப்பட்டது. கிளர்ச்சியின் படிப்பினையை ஆட்சியாளர் இவ்வாறு இரும்பிலே பொறித்தனர். இங்கிலாந்து மாணவன் காற்றையும் தூரத்தையும் கணித்துக் குறிபார்க்கக் கற்றபோது, சிப்பாய் கட்டளைக்குச் சுடும் பழைய நிலைக்குத் தள்ளப்பட்டான். இது அறியாமையின் விளைவன்று. நன்கறிந்து செய்யப்பட்ட தெரிவு.

அறிவையும் கருவியையும் ஒருங்கே பகிர்ந்தளிக்க ஆதிக்க வர்க்கம் விரும்புவதில்லை. கருவியைக் கொடுக்க நேரும்போது அதன் கூர்மையை மழுக்கியே கொடுக்கிறது. என்பீல்டின் புரியும் 1858ஆம் ஆண்டுத் துவக்கின் வழுவழுப்பும் அருகருகே வைத்து நோக்கத்தக்கன. அவற்றுக்கிடையிலுள்ள வேறுபாடு சில நூல் பருமனேயாயினும், ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்குமிடையிலான தூரம் முழுவதும் அதனுள் அடங்கியிருந்தது.