மௌனத்தின் நோய்: 'அனலைஸ் திஸ்' படத்தில் தாதாவும் மனநல மருத்துவரும்

கோபம் வந்தால் தலையணையைக் குத்தச் சொல்கிறார் மருத்துவர். தாதா துப்பாக்கியை உருவித் தலையணையைச் சல்லடையாக்குகிறான். ஹெரால்ட் ரேமிஸ் இயக்கி 1999 மார்ச்சில் வெளிவந்த 'அனலைஸ் திஸ்' படத்தில் இந்தக் காட்சியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள், மனநலச் சிகிச்சையைக் கேலி செய்யும் படம் என்று அதை எளிதாகக் கடந்துவிடுவார்கள். படத்தின் நடுவே இருப்பதோ மௌனம் பற்றிய ஆழமான விசாரணை.

நியூயார்க் மாஃபியாத் தலைவன் பால் விட்டிக்கு (ராபர்ட் டி நீரோ) நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது. மாரடைப்பு என்று நம்பி மருத்துவமனைக்குப் போகிறான். அது பீதித் தாக்கம் என்று சொன்ன டாக்டரை அடித்து நொறுக்குகிறான். மாரடைப்பில் அவமானம் இல்லை, பயத்தில் இருக்கிறது. மனநல மருத்துவர் பென் சோபலிடம் (பில்லி கிரிஸ்டல்) வரும்போதும் தன் நண்பனுக்குப் பிரச்சினை என்றே பேச்சைத் தொடங்குகிறான்.

இது வெறும் கற்பனை இல்லை. நியூயார்க்கின் பெரும் தாதாவாக இருந்த ஃபிராங்க் காஸ்டெல்லோ 1940களிலேயே மனநல மருத்துவரிடம் சென்றவர்.

மாஃபியாவின் முதல் கட்டளை 'ஒமெர்த்தா', அதாவது வாய் திறவாமை. மருத்துவருக்கும் ரகசியக் காப்பு என்னும் கடமை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில் அதற்குச் சட்டப் பாதுகாப்பும் தந்தது. இரண்டும் மௌனம்தான் என்றாலும், முன்னது மனிதனைப் பேசவிடாமல் அடைக்கிறது, பின்னது பேசவைப்பதற்காகவே இருக்கிறது. திரைக்கதை இந்த வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. எஃப்பிஐ நெருக்கடியால் ஒட்டுக்கேட்கும் கருவியோடு உணவகத்துக்கு வரும் சோபல், விட்டி தன் தந்தையின் கொலையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் கருவியைக் கழற்றிவிடுகிறார். பிறகு வெளிப்படும் உண்மைதான் படத்தின் உயிர். கொலையாளியைச் சிறுவன் விட்டி முன்பே கவனித்திருக்கிறான். அப்பா மீதிருந்த கோபத்தில் எச்சரிக்காமல் இருந்துவிட்டான். வளர்ந்தபின் எந்த மௌனத்தால் அவனுக்கு மரியாதை கிடைத்ததோ, அதே மௌனம்தான் சிறுவயதில் அவனைக் குற்றவாளியாக்கியது. துப்பாக்கிச் சண்டையின் நடுவே டி நீரோ விம்மி அழும்போது நாம் சிரிக்கிறோம். அந்த அழுகையில் பாசாங்கு துளியும் இல்லை.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நோயாளியால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால் அவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976இல் டாராசாஃப் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நியூயார்க்கைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அறக்கேள்விக்கு எல்லை கிடையாது. விட்டியின் எதிரிகளைப் பற்றி சோபல் ஒருநாளும் அந்தக் கேள்வியை முழுமையாக எதிர்கொள்வதில்லை.

அதே 1999இல், இந்தப் படத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்கிய 'தி சோப்ரனோஸ்' தொலைக்காட்சித் தொடர் அதை எதிர்கொண்டது. பேச்சுச் சிகிச்சை இத்தகைய குற்றவாளிகளை இன்னும் கைதேர்ந்தவர்களாக்கலாம் என்னும் ஆய்வைப் படித்த மருத்துவர் மெல்ஃபி, 2007இல் இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தில், தன்னிடம் சிகிச்சை பெறும் தாதா டோனி சோப்ரனோவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்.