நீர்மூழ்கிக் கப்பல் சாமானிலிருந்து வீட்டு பஃபல் வரை



கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கம் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் ஹோல் மூலையில் ஒரு பெரிய மரப்பெட்டி நிற்கும். மேலே துணி விரித்து, பூச்சாடி வைத்திருப்பார்கள். எங்கள் வாப்பாமார் காலத்தில் அதன் பெயர் 'பஃபல்'. இப்போது பிள்ளைகள் 'சப்' என்கிறார்கள். கடையில் வாங்கியதல்ல, வீட்டில் அடித்தது. இந்தப் பெட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. நமது பாடப் புத்தகங்கள் அதைச் சொல்லாததால் நாம் சொல்லிவைப்போம்.

இலங்கையின் வானொலியே கையால் செய்த சாமானில் இருந்துதான் தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டுதான் ஒலிபரப்பியையே பொருத்தினார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமானது. அதே 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்ற இருவர் காந்தம், கம்பிச்சுருள், கடதாசிக் கூம்பு சேர்ந்த ஒலிபெருக்கியை வெளியிட்டார்கள். இன்று நாம் வாங்கும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரின் அடிப்படையும் அதுவே.

கண்டிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கட்டளையின் படையினருக்காக நடந்த வானொலி நிலையம்தான் 1949இல் இலங்கையின் கைக்கு வந்தது. ரேடியோ சிலோனின் குரல் இந்தியா முழுவதும் எட்டியதற்கு அதன் பலமான ஒலிபரப்பி ஒரு காரணம்.

சரி, குரல் வந்தது. கரண்ட்? டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே நீர்மின் யோசனையை முன்வைத்தார். லக்ஷபான 1950இல்தான் இயங்கியது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெலைக்குத் திருப்பினார்கள். 1985இல் விக்டோரியா அணை வந்தது, 210 மெகாவாட். ஆனால் தலைக்கு மேலே பெரிய கம்பி போகும் கிராமங்களில் கூட வீட்டுக்குள் குப்பி விளக்குத்தான் எரிந்தது. அங்கே பாட்டுக்கும் படத்துக்கும் கார் பற்றரிதான் கதி. டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் பண்ணி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மேடேறுவார்கள். 12 வோல்ட்டில் சாதாரண அம்ப்ளிஃபயர் ஒன்று 4 ஓம் ஸ்பீக்கருக்கு 4, 5 வாட்டுக்கு மேல் கொடுக்காது. கணக்குப் போட்டால் விளங்கும். அதனால்தான் அன்றைய ஆட்கள் வாட்டைத் தேடாமல் பெட்டியைத் தேடினார்கள். அவர்கள் கெட்டித்தனம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் மண்பானை. ஸ்பீக்கரைப் பானை வாயில் கவிழ்த்து வைத்தால் சத்தம் தடிக்கும் என்பது பாட்டு வைக்கும் பொடியன்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் விளக்கிய தத்துவம் அது. கழுத்திலுள்ள காற்று ஒரு பாரம் போலவும், உள்ளேயுள்ள காற்று ஒரு ஸ்பிரிங் போலவும் ஆடும். இன்று சப் பெட்டியில் பிவிசி குழாய் வைக்கிறோமே, அதுவும் இதுதான். அடுத்தது தேயிலைப் பெட்டிப் பலகை. மலைநாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் மெல்லிசு, பாட்டுக்கு முன்னால் பலகை அதிரும். வசதியுள்ளவர் தச்சு பாஸிடம் சொல்லிப் பலாப்பலகையில் அடிப்பித்தார்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. பழுதான ரேடியோவைக் கூட யாரும் எறியவில்லை. ட்ரான்ஸ்ஃபோமரைக் கழற்றித் திரும்பக் கம்பி சுற்றினார்கள். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. 1979இல் தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி, பின்னாலேயே டெக். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து '3055' ட்ரான்சிஸ்டரும் பின்னர் ஐசிகளும் கண்டிக்கு வந்தன.

வீட்டுக்குள் தியேட்டர் என்ற ஆசைக்கு வித்து அமெரிக்காவில் விழுந்தது. 1974இல் 'எர்த்குவேக்' படத்துக்காக தியேட்டர்களில் பிரமாண்டமான பெட்டிகளை வைத்து ஆட்களை உலுக்கினார்கள். ஹொலிவூட் தியேட்டர் ஒன்றில் கூரைப் பூச்சு விழுந்தால் பிடிக்க வலையே கட்டினார்கள். 1992இல் டொல்பி டிஜிட்டல் வந்தது. 5.1 என்பதில் அந்த '.1' தடித்த சத்தத்துக்கென்றே ஒதுக்கிய வழி. ஆனால் பெட்டி அடிப்பவருக்கு உண்மையில் உதவியவர்கள் சிட்னிக்காரர்கள். நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மோல் எழுபதுகளின் தொடக்கத்திலும், ஒரு ஸ்பீக்கருக்கு எத்தனை லீற்றர் பெட்டி, எத்தனை அங்குலக் குழாய் என்பதைக் கணக்காக்கித் தந்தார்கள். அதுவரை எல்லாம் ஊகம். இன்று எங்கள் சாதாரணதர மாணவன் ஒருவன் ஃபோனிலேயே அந்தக் கணக்கைப் போடுகிறான். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

கவலையும் இருக்கிறது. கணக்கைப் பார்க்கும் பிள்ளை கரண்டைப் பார்ப்பதில்லை. 24-0-24 ட்ரான்ஸ்ஃபோமர் என்றால் சின்னது என்று நினைக்கிறார்கள். டயோடும் கபாசிட்டரும் கடந்தபின் அது இரு பக்கமும் 34 வோல்ட், இரண்டு முனைக்கும் இடையில் 68 வோல்ட் வரை. பிளக்கைக் கழற்றிய பிறகும் 10,000 மைக்ரோஃபரட் கபாசிட்டரில் அது தேங்கி நிற்கும். அதற்கு வீட்டு ட்ரிப் சுவிட்ச் காவல் அல்ல. இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. பெட்டியில் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் மூன்று முள் பிளக்கின் எர்த் வயரை வெட்டிவிடுவது. இரைச்சல் போகும், உண்மைதான். உள்ளே 230 வோல்ட் வயர் ஒருநாள் தேய்ந்து இரும்புச் சட்டத்தில் பட்டால், அதைத் தொடும் தம்பிதான் எர்த். இரைச்சலுக்கு வேறு வழிகள் இருக்கின்றன: சிக்னல் வயரை ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தள்ளி வைப்பது, உள் எர்த்களை ஒரே புள்ளியில் சேர்ப்பது. வெட்டுவது வழியல்ல. பெற்றோர் இன்றிரவே பிளக்கைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று பக்கத்து வீடு. 40 ஹேர்ட்ஸ் சத்தத்தின் அலை நீளம் சுமார் எட்டரை மீற்றர். எங்கள் அறை பன்னிரண்டு அடி. ஒட்டுச் சுவர் வீடுகளில் அந்த அலைக்கு அடுத்த வீடும் அதே அறைதான். வசனம் கேட்காது, நெஞ்சு மட்டும் அதிரும். அங்கே சீக்காளியோ கைக்குழந்தையோ இருக்கலாம். 2007இல் ஒலிபெருக்கி பற்றிய உயர் நீதிமன்றத் தீர்ப்பு இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு சொன்னபோது நம் ஊர்களில் எவ்வளவு பேச்சு நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். பள்ளிவாசல் ஹோனைப் பற்றி அன்று பேசியவர்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது பற்றரி திரும்பவும் வீட்டுக்குள் வந்தது. பிள்ளைகள் கார் அம்ப்ளிஃபயரை 12 வோல்ட்டில் ஓட்டினார்கள். உப்பாவின் வேலைதான், பெயர் மட்டும் புதிது.

உங்கள் வீட்டு மூலையில் தேயிலைப் பெட்டிப் பலகையிலோ பலாவிலோ அடித்த பஃபல் இருந்தால் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். படமெடுத்து, யார், எந்த வருடம் அடித்தது என்று கொமெண்டில் எழுதுங்கள். திறக்க அனுமதித்தால் இலத்திரனியல் பாடம் படிக்கும் பிள்ளைகளோடு வந்து பார்ப்போம், திரும்பப் பூட்டியும் தருவோம்.