கரிசல் வட்டாரப் பெண்களும் செல்லிடத் தொலைபேசியும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் செல்லிடத் தொலைபேசியின் பரவல், குடும்பத்தில் ஆணும் பெண்ணும் வகித்து வந்த பொறுப்புகளில் மாற்றங்களை ஏற்படுத்தியுள்ளது. பணம், வேலை, வெளியூர்த் தொடர்பு ஆகியவை பற்றிய செய்திகள் பெண்களை நேரடியாக அடைய இது வழிசெய்கிறது. எனினும் கருவியும் எண்ணும் யார் வசம் உள்ளன என்பதைப் பொறுத்தே இப்பயன் அமைகிறது.

பின்னணி

இது வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி ஆகியவை இங்கு விளைகின்றன. களையெடுப்பு, பருத்தி எடுப்பு, தீப்பெட்டித் தொழில் ஆகியவற்றில் பெண்களின் உழைப்பே மிகுதி. விளைபொருளை விற்பதும் அலுவலகங்களுக்குச் சென்று வருவதும் பெரும்பாலும் ஆண்களின் பொறுப்பாக இருந்தன.

இந்தியாவில் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1995 சூலை 31 அன்று தொடங்கியது. 2003இல் உள்வரும் அழைப்புகளுக்கான கட்டணம் நீங்கிய பின்னர் இது சிற்றூர்களிலும் பரவியது. தொடக்கத்தில் வீட்டுக்கு ஒரு கருவியே இருந்தது; வெளியே செல்லும் ஆண் அதனை உடன் எடுத்துச் சென்றார்.

பரவல்

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் செல்லிடத் தொலைபேசியை உடைய பெண்கள் தமிழ்நாட்டில் 2015-16இல் 62.0 விழுக்காடாக இருந்தனர். 2019-21இல் இது 74.6 விழுக்காடானது. ஆனால் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் பெண்களில் 46.9 விழுக்காடு, ஆண்களில் 70.2 விழுக்காடு. இவை மாநிலம் முழுமைக்குமான அளவுகளாகும்.

பணமும் எண்ணும்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டன. பின்னர் பிற மாவட்டங்களுக்கும் பரவிய இக்குழுக்கள் பெண்களை வங்கிக்கு அழைத்து வந்தன. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. கணக்கில் பெண்ணின் சொந்த எண் பதிவாகியிருந்தால், பணம் வந்த செய்தியை அவரே முதலில் அறிகிறார். கணவர் அல்லது மகனின் எண் பதிவாகியிருந்தால், குறுஞ்செய்தியும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவர்களுக்கே செல்கின்றன. கணக்கு பெண்ணின் பெயரில் இருந்தும் அதன் திறவுகோல் பிறரிடம் உள்ளது.

வேலை

ஊரக வேலை உறுதித் திட்டத்தில், 2023 சனவரி 1 முதல் வருகைப் பதிவைச் செல்லிடத் தொலைபேசிச் செயலியில் ஒளிப்படத்துடன் பதிவேற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. இதனால் பணித்தளப் பொறுப்பாளரான பெண்ணுக்குத் திறன்பேசி பணிக்கருவியானது.

தமிழ்நாட்டின் மற்றொரு வறள்நில மாவட்டமான தேனியில், ஆடு வளர்க்கும் பெண்களுக்குச் செல்லிடத் தொலைபேசி வழியாகக் குரல்செய்திகளில் பாடங்கள் அனுப்பப்பட்டன. படிக்கத் தெரியாதோரும் இவற்றைக் கேட்டுப் பயன்பெற முடிந்தது. பொதுநலவாயக் கற்றல் அமைப்பு இதற்குத் துணைநின்றது.

கட்டுப்பாடுகள்

மணமாகாத இளம்பெண்கள் தனியே தொலைபேசி வைத்திருப்பதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. மணமான பெண்ணின் அழைப்புப் பட்டியலைக் கணவர் பார்ப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் பெண்களுக்கான 181 உதவி எண் 2018 டிசம்பரில் தொடங்கப்பட்டது. வீட்டில் வன்முறைக்கு உள்ளாகும் பெண் இதனை அழைக்க, பிறர் சோதிக்காத கருவி தேவைப்படுகிறது.

பிற நாடுகள்

வடக்கு தான்சானியாவின் மாசாய் மக்களிடையே நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, பெண்களின் தொலைபேசிப் பயன்பாட்டையும் சமூக உறவுகளையும் ஆண்களே பெரிதும் வரையறுப்பதைக் காட்டியது. ஆடுமாடு மேய்க்கும் அச்சமூகத்துக்கும் கரிசல் வட்டாரத்துக்கும் வாழ்முறை வேறு. கருவியின் மீதான உரிமை பற்றிய கேள்வி இரண்டுக்கும் பொதுவானது.

இவற்றையும் பார்க்க

கோவில்பட்டி
கரிசல் மண்
சுயஉதவிக் குழு
மாசாய் மக்கள்