நூற்பாலைத் தண்டும் இணைப்பியின் நிலைகுலைவும்: மதுரைப் பின்புலத்தில் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஹார்வி சகோதரர்கள் 1892இல் நிறுவிய மதுரா மில்லும், பழங்காநத்தம் வழியே செல்லும் திருப்பரங்குன்றம் சாலையில் கருமுத்து தியாகராசர் 1920களில் தொடங்கிய மீனாட்சி மில்லும் மதுரையைத் தொழில்நகராக்கின. இவற்றின் வரலாறு பெரிதும் முதலீடு, தொழிற்சங்கம் ஆகிய கோணங்களில் எழுதப்பெற்றுள்ளது. சுழல்தண்டுகளைப் பூட்டும் ‘கப்ளிங்’ என்னும் இணைப்பியை முன்வைத்து அவ்வரலாற்றை அணுகுகிறது இக்கட்டுரை.

ஆலையின் இருவகைச் சுழற்சி

தனித்தனி மோட்டார்கள் பரவுமுன், நூற்பாலைக் கூடமெங்கும் ஆற்றலைக் கொண்டுசென்றது நெடுந்தண்டு. இணைப்பிகளால் பூட்டப்பட்ட அத்தண்டு நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளே சுழன்றது. நூற்கும் கதிர்கள் பல்லாயிரம் சுற்றுகள் சுழன்றன; எனினும் அவற்றை ஓட்டியவை கயிறும் நாடாவுமே. மிகுவேகமும் இணைப்பியும் ஒரே தண்டில் கூடவில்லை. ஆதலின் ஆலையில் தண்டு அதிர்ந்தால் எடைச் சமநிலையையும் நேர்க்கோட்டு அமைவையும் சரிசெய்வதே பொருத்தமான தீர்வாயிற்று.

கோட்பாட்டின் வளர்ச்சி

மாறுநிலை வேகத்தைக் கடந்து தண்டு நிலையாகச் சுழலாது என்று 1869இல் ரேங்கின் கருதினார். 1889இல் டி லவால் நெகிழ்தண்டு கொண்ட நீராவிச் சுழலியை அவ்வேகத்திற்கு மேல் இயக்கிக் காட்டினார். 1919இல் ஜெப்காட் அதற்குரிய விளக்கத்தை அளித்தார்.

ஆயினும் ஊதுலைக் காற்றழுத்திகள் மாறுநிலை வேகத்திற்கு மேல் கடுமையாக அதிர்ந்தன. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் நியூகிர்க், சமநிலையை எவ்வளவு திருத்தினும் இவ்வதிர்வு தணியாது என 1924இல் காட்டினார். தண்டின் அகவுராய்வும் அதன்மேல் இறுகப் பொருத்திய உறுப்புகளின் உராய்வுமே காரணம் என்றார் கிம்பால்.

பல்லிணைப்பிக்கும் இவ்விளக்கம் பொருந்தும். தண்டு வளைந்தபடி வலம்வருகையில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. மாறுநிலை வேகத்திற்கு மேல், தண்டின் சுழற்சி அவ்வலத்தினும் விரைவாகிறது. அப்போது தண்டோடு சுழலும் உராய்வு விசை, அதிர்வைத் தணிப்பதற்கு மாறாக வலத்தின் திசையிலேயே உந்தி வளர்க்கிறது. பற்களுக்கு மசகு அளித்தலும், தாங்கியில் தணிப்பைக் கூட்டுதலும் இதனைக் கட்டுப்படுத்தும்.

முடிவுரை

ஆலைப் பட்டறிவு தவறானதன்று. அதற்கு ஒரு வேக எல்லை உண்டு. ஒத்ததிர்வு, நிலைகுலைவு ஆகிய இரண்டையும் ‘அதிர்வு’ என்ற ஒரே சொல்லால் குறித்தால் இவ்வெல்லை மறைந்துவிடும். எனவே தமிழில் தொழில்நுட்ப வரலாறு எழுதுவோரும் அதனைக் கற்பிப்போரும் இவ்விரண்டையும் பிரித்து வழங்குதல் வேண்டும்.