பங்குகளைச் சேர்த்த பகை

1946ஆம் ஆண்டு டப்ளின் நகரின் குரோக் பார்க் திடலில் இரண்டு கத்தோலிக்கக் கல்லூரிகள் எதிரெதிரே நின்றன. ஒன்று வடக்கே ஆர்மா நகரின் புனித பேட்ரிக் கல்லூரி. மற்றொன்று மேற்கே கால்வே கவுண்டியில் டுவாம் ஊரின் புனித ஜார்லத் கல்லூரி. அயர்லாந்து முழுமைக்குமான கல்லூரிகளின் கேலிக் கால்பந்துக் கோப்பைக்கு நடந்த முதல் இறுதியாட்டம் அது. டுவாம் நான்கு கோல் போட்டது. ஆர்மா மூன்றே கோல் போட்டது. ஆயினும் கோப்பையைக் கொண்டுசென்றது ஆர்மாதான்.

இந்த விந்தையை விளங்கிக்கொள்ள ஆட்டத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அணிக்குப் 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் ஏந்தியபடி நான்கு அடிக்கு மேல் ஓடலாகாது. தரையில் ஒருமுறை தட்டவோ, கால்நுனியில் எற்றிக் கைக்கு மீட்கவோ வேண்டும். குறுக்குக் கட்டைக்குக் கீழே வலைக்குள் பந்து சென்றால் கோல். அதற்கு மூன்று புள்ளி. கட்டைக்கு மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே பறந்தால் அந்நாளில் ஒரு புள்ளி. அன்று ஆர்மா எடுத்தது 3 கோலும் 11 புள்ளியும். டுவாம் எடுத்தது 4 கோலும் 7 புள்ளியும். கூட்டிப் பார்த்தால் 20க்கு 19. அடுத்த ஆண்டு இவ்விரு கல்லூரிகளே மீண்டும் இறுதியில் சந்தித்தன. இம்முறை வென்றது டுவாம். தாமஸ் ஹோகன் என்னும் அருட்சகோதரரின் பெயரால் ஹோகன் கோப்பை என வழங்கும் அந்தப் போட்டி 1948க்குப் பின் சில ஆண்டுகள் நின்றுபோய், 1957இல் மீண்டும் தொடங்கியது. அதனை 12 முறை வென்ற புனித ஜார்லத் கல்லூரியின் பெயரை அறியாத கால்பந்து ரசிகர் அந்நாட்டில் இருத்தல் அரிது.

கல்லூரி என்றவுடன் பட்டப்படிப்பை எண்ணிவிட வேண்டாம். அயர்லாந்தில் அச்சொல் பதினெட்டு வயதுவரை பயிலும் மேல்நிலைப் பள்ளியையும் குறிக்கும். நாம் இங்குப் பேசுபவற்றுள் பல, ஆயர்கள் தம் மறைமாவட்டத்திற்கென நிறுவியவை. இளங்குருமடமாகவும் பள்ளியாகவும் ஒருசேர விளங்கியவை. அவை தோன்றிய வரலாற்றை விட்டுவிட்டு அவற்றின் பந்தாட்டத்தை மட்டும் பேசினால், ஏதோ சிறுவர் விளையாட்டுக்கு இத்தனை ஆரவாரமா என்றே தோன்றும்.

1695ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதையும், தம் பிள்ளைகளைக் கல்விக்காக வெளிநாட்டிற்கு அனுப்புவதையும் தடைசெய்தது. வேலியோரங்களிலும் கொட்டில்களிலும் மறைவாகப் பாடம் சொன்ன ஆசிரியர்களால்தான் மூன்று தலைமுறைக் காலம் எழுத்தறிவு உயிர்பிழைத்தது. 1782இல் தடை தளர்ந்தது. அவ்வாண்டே கில்கெனியில் புனித கீரன் கல்லூரி எழுந்தது. டுவாமில் 1800இல், நியூரியில் 1823இல், ஆர்மாவில் 1838இல், மோனகனில் 1840இல் என ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் கல்லூரியை எழுப்பிற்று. அவற்றின் சுவர்களுக்கான கற்கள் ஏழை உழவர்களின் காணிக்கையால் வந்தவை. இத்தகைய மண்ணிலிருந்துதான் 1842இல் பிரசன்டேஷன் சபைக் கன்னியரும், 1875இல் பேட்ரிசியன் சகோதரர்களும் நம் சென்னைக்கு வந்து பள்ளிகளைத் தொடங்கினர் என்பதை வாசகர்கள் நினைவுகூரலாம். கல்வி பறிக்கப்பட்ட மக்கள் கல்வியை எப்படிப் பற்றிக்கொள்வர் என்பது நமக்குப் புதிதன்று.

பள்ளி வந்தபின் விளையாட்டு வந்தது. 1884 நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று, தர்லஸ் ஊரின் விடுதி ஒன்றில் மைக்கேல் கியூசாக், மாரிஸ் டேவின் முதலியோர் கூடிக் கேலிக் தடகளக் கழகத்தை நிறுவினர். காஷெல் பேராயர் தாமஸ் குரோக் அதன் புரவலராக இருக்க இசைந்தார். ஆங்கிலேயர் துணியோடும் பழக்கவழக்கங்களோடும் அவர்தம் ஆட்டங்களையும் நாம் இறக்குமதி செய்துவிட்டோம் என்று அவர் எழுதிய மடல் அந்நாளில் நாடெங்கும் வாசிக்கப்பட்டது. குரோக் பார்க் என்பது அவர் பெயரே. பின்னாளில் பெரிய இறுதியாட்டங்களில் ஆயர் ஒருவரே பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பதும், அணித்தலைவர்கள் மண்டியிட்டு அவர் மோதிரத்தை முத்திசெய்வதும் வழக்கமாயின.

ஆனால் மேனூத் குருமடத்தின் விதிகளோ மாணவர்கள் கவுண்டி அணிகளில் ஆடுவதற்கு இடந்தரவில்லை. ஆகவே ஆட்டத்தில் வல்ல குருமாணவர் சிலர் வேறு பெயரில் களமிறங்கினர். மறுநாள் நாளேட்டில் அறிமுகமற்ற ஒரு பெயர் காணப்படும். ஊராருக்கு மட்டும் ஆள் யாரென்று நன்றாகத் தெரியும். குருமட அதிபருக்கும் தெரிந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

இனி இக்கட்டுரையின் மையத்திற்கு வருவோம். கேலிக் கழகத்தின் அடித்தளம் பங்கு. ஒரு பங்குக்கு ஒரு மன்றம் என்பதே பொதுவழக்கு. ஞாயிறு திருப்பலியில் ஒரே பீடத்தின்முன் மண்டியிட்டவர்கள் பிற்பகலில் ஒரே அணியாகப் பக்கத்துப் பங்கோடு மோதுவர். அம்மோதலின் கசப்புகள் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு நிலத்தோடு சேர்ந்து இறங்கும். இப்படிப்பட்ட பல பங்குகளிலிருந்து வந்த சிறுவர்களை மறைமாவட்டக் கல்லூரி ஒரே விடுதியில், ஒரே உணவறையில் அடைத்தது. நேற்றுவரை எதிரியாயிருந்தவன் இன்று வலப்புறத்தில் நின்று பந்தைத் தருபவனானான். பங்குகளின் பகையை ஆற்றுவதற்குக் கல்லூரி கண்ட மருந்து மற்றொரு பகைதான்: அடுத்த மறைமாவட்டத்தின் கல்லூரியோடு கொண்ட பெரும் பகை. சிறு பகைகளைப் பெரும் பகையால் ஆற்றுவதை மருத்துவம் எனலாமா என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. சற்றுப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

இதில் மறைமாவட்ட எல்லைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அயர்லாந்தின் மறைமாவட்டங்கள் 1111இலும் 1152இலும் கூடிய திருச்சங்கங்களில் வகுக்கப்பட்டவை. அரசியல் எல்லையோ 1921இல் வரையப்பட்டது. அக்கோடு கிளோகர் மறைமாவட்டத்தை நடுவே பிளந்தது. அதன் புனித மக்கார்ட்டன் கல்லூரி இருக்கும் மோனகன் ஒரு நாட்டில் நின்றது. புனித மைக்கேல் கல்லூரி இருக்கும் எனிஸ்கிலன் வேறொரு நாட்டில் நின்றது. ஆனால் இரு கல்லூரிகளும் ஆடியது ஒரே மக்ரோரி கோப்பைக்குத்தான். டவுன்-கானர் ஆயராயிருந்து பின்னர் ஆர்மா பேராயராகவும் கர்தினாலாகவும் உயர்ந்த ஜோசப் மக்ரோரி 1923இல் அளித்த கோப்பை அது. அல்ஸ்டர் மாநிலத்தின் ஒன்பது கவுண்டிகளுக்கும் பொதுவானது. 1969க்குப் பின் வன்முறை மூண்டு, எல்லைச் சாலைகளில் படைவீரர் வண்டிகளை நிறுத்திச் சோதித்த அந்நீண்ட காலத்திலும் இந்தப் போட்டி நிலைத்து நின்றது. பல பத்தாண்டுகள் அதன் இறுதியாட்டம் மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளன்று நடைபெற்றது. திருப்பலி முடித்து, சட்டையில் பச்சை இலையைக் குத்திக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் திடலுக்குச் செல்வது அங்கே திருநாளின் ஒரு பகுதியாகவே ஆயிற்று.

நியூரி நகரை எடுத்துக்கொள்வோம். எல்லையை ஒட்டிய அவ்வூரில் இரு பள்ளிகள்: டிரோமோர் மறைமாவட்டத்தின் புனித கோல்மன் கல்லூரி, கிறிஸ்தவச் சகோதரர்களின் அபி பள்ளி. முன்னது ஆயரின் கல்லூரி. பின்னது, வாட்டர்ஃபோர்டில் 1802இல் எட்மண்ட் ரைஸ் ஏழைச் சிறுவர்க்கென ஏற்றிய விளக்கின் ஒரு சுடர். ஒரே நகரம், ஒரே மறை, ஒரே ஆட்டம். இத்தனையும் ஒன்றாயிருப்பதே பகைக்கு வலுவூட்டியது. தொலைவிலிருப்பவனோடு எவரும் ஆழமாகப் பகைப்பதில்லை. அண்டைவீட்டானோடுதான் வேலித் தகராறு. இப்பகையின் பயனை அப்பகுதி முழுவதும் கண்டது. 1960இல் டவுன் கவுண்டி, வட அயர்லாந்திலிருந்து அனைத்து அயர்லாந்துப் பட்டத்தை வென்ற முதல் அணியாயிற்று. 1991இலும் 1994இலும் அதே கவுண்டியை வெற்றிக்கு நடத்திய பீட் மக்ராத், புனித கோல்மன் கல்லூரியின் ஆசிரியர். மேற்கே டுவாமிலும் இதே கதைதான். 1965, 1966 ஆண்டுகளில் கால்வே அணியின் தலைவராகப் பட்டம் பெற்ற எண்டா கொல்லரன் ஜார்லத் மாணவர். 1994இல் கோப்பை வென்ற ஜார்லத் அணியின் பாட்ரிக் ஜாய்ஸ், மைக்கேல் டொனெல்லன் போன்றோர், 32 ஆண்டு வறட்சிக்குப்பின் 1998இல் கால்வேக்குப் பட்டம் கொணர்ந்தவர்களுள் இருந்தனர்.

கத்தோலிக்கர் அனைவரும் இவ்வாட்டத்தைத் தழுவினர் என்றும் எண்ண வேண்டாம். வசதிபடைத்தோர் பிள்ளைகள் பயின்ற இயேசு சபையாரின் கிளாங்கோஸ் வுட், தூய ஆவி சபையாரின் பிளாக்ராக் போன்ற கல்லூரிகள் ரக்பி ஆடின. ஒரே திருச்சபைக்குள் வகுப்பு வேற்றுமை பந்தின் வடிவத்திலேயே வெளிப்பட்டது எனலாம்.

மறுபுறம், கேலிக் கழகமும் தன் வேலியை உயர்த்தியது. கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆகிய 'அயல்' ஆட்டங்களை ஆடவோ பார்க்கவோ செய்யும் உறுப்பினரை அது விலக்கியது. 1970இல் இவ்விதி ஒரு பள்ளி மாணவன்மீது விழுந்தது. பெல்பாஸ்ட் புனித மலாக்கி கல்லூரியின் மார்ட்டின் ஓ'நீல், டிஸ்டிலரி என்னும் மன்றத்திற்காகச் சாதாரணக் கால்பந்தும் ஆடிவந்தார். அவர் கல்லூரி மக்ரோரி கோப்பை ஆட்டத்திற்கு வந்தபோது, பெல்பாஸ்டின் கேஸ்மென்ட் பார்க் திடலைத் தர ஆன்ட்ரிம் கழகத்தார் மறுத்தனர்.

அந்நேரத்தில் எதிரணிக் கல்லூரி என்ன செய்திருக்கலாம்? விதி விதிதான் என்று வாளாவிருந்திருக்கலாம். வல்ல ஆட்டக்காரன் ஒருவன் எதிரணியில் குறைந்தால் அதற்கு ஆதாயமே. ஆனால் கல்லூரிகள் இரண்டும் இசைந்து ஆட்டத்தையே டிரோன் கவுண்டிக்கு மாற்றிக்கொண்டன. ஒரு மாணவனுக்காக இரு பகைக் கல்லூரிகள் ஊர்விட்டு ஊர் சென்று ஆடின. மறு ஆண்டு, 1971இல், கழகம் அத்தடையை அடியோடு நீக்கிற்று. ஓ'நீல் 1982 உலகக் கோப்பையில் வட அயர்லாந்து அணிக்குத் தலைமை தாங்கினார். பகை மருத்துவமாகுமா என்ற கேள்விக்கு நம்மிடம் உள்ள விடை இந்நிகழ்ச்சியே. எதிரியோடு நேர்மையாக ஆடப் பழகியவன், அவனுக்கு அநீதி நேரும்போது அதைத் தன் அநீதியாகக் காண்கிறான்.

இது முழு விடை அன்று. கல்லூரி அணியின் பதினைந்து பேருக்குக் கிடைத்த புகழின் நிழலில், பந்தைத் தொட அஞ்சிய பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தனர். ஆட்டத்தில் வல்லவனுக்குச் சலுகை, வல்லமை இல்லாதவனுக்கு ஏளனம் என்பது விடுதிப் பள்ளிகளின் பழைய நோய். இன்னும் கொடியதொன்றையும் நாம் மறைக்கலாகாது. துறவற சபையார் நடத்திய தொழிற்பள்ளி விடுதிகளில் சிறுவர் பட்ட அடியையும் இழிவையும் 2009இல் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. அவை கோப்பைகளை வென்ற கல்லூரிகள் அல்ல. ஆயினும் கிறிஸ்தவச் சகோதரர் என்னும் பெயர் இரண்டிற்கும் பொதுவாயிருந்தது. வெற்றி விழாக்களின் பழைய நிழற்படங்களில் நடுவே வீற்றிருக்கும் கறுப்பு அங்கிகளை அம்மக்கள் அதன்பின் முன்போல் பார்க்க இயலவில்லை.

அங்கிகளும் இன்று அங்கே குறைந்துவிட்டன. 2008இல் கிறிஸ்தவச் சகோதரர்கள் அயர்லாந்துக் குடியரசிலுள்ள தம் பள்ளிகளை எட்மண்ட் ரைஸ் பெயரிலான அறக்கட்டளையிடம் ஒப்படைத்தனர். பயிற்சியும் நிர்வாகமும் பெரும்பாலும் பொதுநிலையினர் கைக்கு வந்துவிட்டன. ஆனால் பகை மாறவில்லை. 2019இல் எனிஸ்கிலன் புனித மைக்கேல் கல்லூரி முதன்முறையாக ஹோகன் கோப்பையை வென்றது. 2023, 2024 என அடுத்தடுத்து இருமுறை அது ஒமா நகரின் கிறிஸ்தவச் சகோதரர் பள்ளிக்குச் சென்றது. குருக்கள் தொடங்கிவைத்த மரபை, குருக்கள் இல்லாத மைதானத்தில் பொதுநிலையினரே சுமக்கின்றனர்.

சில ஊர்களில் பகைவர்களே ஒன்றாகிவிட்டனர். டுவாமில் புனித ஜார்லத் கல்லூரியும் சகோதரர்களின் புனித பேட்ரிக் பள்ளியும் 2009இல் இணைந்தன. அதற்கும் முன்னரே, 1988இல், ஆர்மாவின் புனித பேட்ரிக் கல்லூரியும் அதே நகரின் சகோதரர் பள்ளியும் கலந்து புதியதொரு பள்ளியாயின. ஹோகன் கோப்பையை வென்றோர் பட்டியலில் 1946ஆம் ஆண்டிற்கு நேரே நிற்பது அப்பழைய கல்லூரியின் பெயர்தான். தெருவின் இருபுறமும் எதிரெதிரே நின்று கூவிய இரு பள்ளிகளின் பேரப்பிள்ளைகள், இன்று ஒரே சட்டையணிந்து ஒரே வண்டியில் ஏறி ஆட்டத்திற்குச் செல்கின்றனர்.