யாருடைய கணினி? கொங்கு அலுவலகங்களும் இயங்குதளப் போட்டியும்

கணினியை எதிர்த்தவர்கள் என்கிற கெட்ட பெயர் இடதுசாரித் தொழிற்சங்கங்களுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அறுபதுகளில் கல்கத்தா எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் கட்டிட வாசலில் முறைபோட்டுக் காவல் இருந்த கதையைச் சொல்லாமல் யாரும் இந்த விஷயத்தைப் பேசுவதில்லை. 'அன்னிக்கே எதிர்த்தவங்கதானே நீங்க' என்று டீக்கடையில்கூடச் சொல்லிவிடுகிறார்கள். தோழர்களும் ஒருவித வெட்கத்தோடு, 'கணினியை எதிர்க்கவில்லை, வேலையிழப்பைத்தான் எதிர்த்தோம்' என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த எதிர்ப்பில் வெட்கப்பட எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. என் வருத்தம் வேறு. கணினி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டோம். எத்தனை என்று கேட்டோம். யாருடைய கணினி என்று கேட்கவே இல்லை.

பெட்டியைச் சொல்லவில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த மென்பொருள் ஓடலாம், எது ஓடக்கூடாது, எந்த எழுத்து எப்படித் தெரியவேண்டும் என்று தீர்மானிக்கிற இயங்குதளத்தைச் சொல்கிறேன். காந்திபுரம் நூறடி ரோட்டுக் கடைக்காரர்கள் பாஷையில் 'ஓ.எஸ்.' யூனிக்ஸ், விண்டோஸ், லினக்ஸ் என்று நம் வேலையிடங்களில் மூன்று பெயர்கள் மாறிமாறி வந்தன. இதில் எது ஜெயித்தது, ஏன் ஜெயித்தது என்பதைப் பொறியாளர்கள் தரத்தின் கதையாகச் சொல்கிறார்கள், நம் ஆட்கள் ஏகபோகத்தின் கதையாகச் சொல்கிறார்கள். இரண்டிலும் வேலை செய்கிறவனின் விரல்கள் இல்லை.

முதலில் வங்கி. 1983-ல் இயந்திரமயமாக்கம் குறித்து வங்கி ஊழியர் சங்கங்களும் வங்கி நிர்வாகங்களும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கியின் ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் நம் வங்கிகளுக்குள் வந்த கணினிகளில் ஓடியது யூனிக்ஸ். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது அது. அந்த ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏ.டி.&டி., 1956-ல் ஏற்பட்ட ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி கணினி வியாபாரத்தில் இறங்க முடியாது. அதனால் யூனிக்ஸின் மூல வரிகள் சொற்ப விலைக்குப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. ஒரு கம்பெனிப் பெட்டியோடு கட்டுப்படாமல் பரவின. ஐ.பி.எம். 1978-ல் இந்தியாவை விட்டுப் போன பிறகு, எச்.சி.எல்., விப்ரோ போன்ற உள்ளூர்க் கம்பெனிகள் தங்கள் பெட்டிகளை வங்கிகளுக்கு விற்க முடிந்ததற்கு இந்தக் கட்டின்மை ஒரு முக்கியக் காரணம். சுயசார்பு என்று மேடைதோறும் பேசிய இயக்கத்துக்கு, கையில் கிடைத்த உதாரணம் இது. ஆனால் பேரம் நடந்தது எத்தனை இயந்திரம், யாருக்கு எவ்வளவு அலவன்ஸ் என்பதில்தான். எந்த அமைப்பு, அதன் மூல வரிகள் யார் கையில் என்பது 'டெக்னிக்கல் மேட்டர்' ஆகி நிர்வாகத்திடமே நின்றுவிட்டது. பிறகு கிளை மேசைகளுக்கு விண்டோஸ் வந்தபோது கேட்பதற்கு யாருக்கும் கேள்வியே இருக்கவில்லை. யூனிக்ஸ் எங்கோ தொலைவில் ஏ.சி. அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வங்கிக்கு வெளியே கதை இன்னும் எளிது. கோவை, திருப்பூர், ஈரோட்டில் ஒரு மில் ஆபீஸிலோ பனியன் கம்பெனியிலோ கணக்கு வேலைக்குப் போனால் முதல் கேள்வி 'டேலி தெரியுமா?' என்பதுதான். டேலி டாஸில் தொடங்கி விண்டோஸுக்கு ஏறியது. லினக்ஸ் மேசைக்கென்று ஒரு டேலி வரவில்லை. பம்ப்செட், மோட்டார் பட்டறைகளின் டிராயிங் அறையில் ஆட்டோகேட். அதன் யூனிக்ஸ் வடிவம் 1997-ல் வந்த பதினான்காம் பதிப்போடு கைவிடப்பட்டது. ஆக, கணக்குப்பிள்ளைக்கும் டிராஃப்ட்ஸ்மேனுக்கும் இயங்குதளம் என்று தேர்ந்தெடுக்க ஒன்று இருந்ததே இல்லை. அவர்கள் கற்றது டேலி, அவர்கள் கற்றது கேட். விண்டோஸ் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த தரை.

அந்தத் தரைக்கும் யாரும் காசு கொடுக்கவில்லை. இதைக் கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் போதுமான அளவு யோசித்ததாகத் தெரியவில்லை. அசெம்பிள் பண்ணின சிஸ்டம், ஒரு திருட்டு சிடி, ஃபார்மட் அடித்துக் கொடுக்கத் தெரிந்த ஒரு பையன். இவ்வளவுதான் நம் சிறுதொழில்களின் கணினிமயம். 'லினக்ஸ் இலவசம்' என்று சொன்னால் பட்டறை முதலாளி சிரிப்பார். அவருக்கு விண்டோஸும் இலவசம்தான். 1998-ல் பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிப் பேசும்போது, திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதையே திருடட்டும், பழகிப்போகும், வசூலிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் சொன்னார். கிராம்ஷி சொல்லும் ஒப்புதலுக்கு இதைவிட நல்ல விளக்கவுரையைக் கோட்பாட்டாளர்கள் யாரும் எழுதவில்லை. பலவந்தம் இல்லை, விலையும் இல்லை, பழக்கம் மட்டும்.

என் துறை தமிழ் என்பதால் எனக்கு நெருக்கமானது மூன்றாவது இடம்: எழுத்துரு. கோவை நீதிமன்ற வாசலில் பல வருஷமாக மனு அடித்துக் கொடுக்கும் ஒரு அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். லோயர், ஹையர் இரண்டு தமிழ் டைப்ரைட்டிங் பரீட்சையும் பாஸ் பண்ணி மிஷினில் தொடங்கியவர். 'கை பாட்டுக்குப் போகுமுங்க தம்பி. கொம்பு முதல்ல, எழுத்து அப்புறம். இந்தப் புதுசுல எழுத்தை முதல்ல அடிச்சுட்டு அப்புறம் கொம்பு போடச் சொல்றாங்க. எதுக்குங்க?' என்றார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. 'கெ' என்று எழுதும்போது கண் பார்க்கும் வரிசையில் கொம்புதான் முதலில். தட்டச்சு இயந்திரம் அந்த வரிசையை விரலுக்குள் இறக்கியது. பாமினியும், அரசு அலுவலகங்களில் ஓடிய வானவில்லும் பார்வை வரிசையைத்தான் கோப்பிலும் சேமித்தன. யூனிகோடோ உச்சரிப்பின் இலக்கணப்படி மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. தொல்காப்பிய மாணவனுக்கு அது நியாயமாகப் படும். அந்த அக்காவுக்கு அது இருபது வருஷத் தேர்ச்சியை அழித்துவிட்டு மறுபடி எழுது என்று சொல்வது. பழைய தட்டச்சு வரிசையிலேயே அடித்து யூனிகோடைப் பெறும் வசதி என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றால் பிறகு வந்தது. அதுவும் விண்டோஸில். வானவில்லில் அடித்த கோப்பை லினக்ஸ் உள்ள கணினிக்குக் கொண்டுபோனால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழ் மறைந்து உருப்படாத ரோமன் எழுத்துக் குப்பை தெரியும். ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு 'இயங்குதள மாற்றம்' என்றால் இதுதான். பத்து வருஷ ஃபைல் குப்பையாகத் தெரியும் ஒரு காலை.

இந்தப் பின்னணியில்தான் எல்காட் விவகாரத்தைப் பார்க்கவேண்டும். தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டுக்கு சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், அதன் சொந்த அலுவலகம் சூஸே லினக்ஸுக்கு மாறியது. அரசுப் பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகள் போயின. மைக்ரோசாஃப்டுக்கு எதிராக இந்திய அரசு நிறுவனம் ஒன்று எடுத்த துணிச்சலான முடிவுகளில் இது ஒன்று, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்போது நான் அவினாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன். கணினி அறைக்கு வந்த பெட்டியில் பச்சை ஓணான் ஒன்று இருந்தது. எங்களுக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஆசிரியருக்குப் பயமாக இருந்தது. அவர் படித்தது விண்டோஸ். பாடப்புத்தகம் சொன்னது ஸ்டார் ஆபீஸ். வந்து இறங்கியது சூஸே. அவரிடம் யாரும் எதையும் கேட்கவுமில்லை, சொல்லித் தந்த கொஞ்சமும் போதவில்லை. ஒரு வருஷத்துக்குள் யாரோ ஒரு முன்னாள் மாணவர் வந்து ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஆசிரியர் நிம்மதியானார். 2008-ல் உமாசங்கர் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். ஓர் அதிகாரியின் மேசையிலிருந்து சுற்றறிக்கையாக இறங்கிய விடுதலைக்கு அதற்குமேல் ஆயுள் எங்கிருந்து வரும்?

அடுத்தது இலவச மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எனக்கும் ஒன்று கிடைத்தது, பி.ஏ. கடைசி வருஷம். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். இதைச் சொல்லாமல் அதை விமர்சிக்க எனக்கு உரிமையில்லை. அதற்குள் இரண்டு இயங்குதளம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பார்த்தால் ஜனநாயகம் போலத்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் என்பது சின்ன, மலிவு மடிக்கணினிகளுக்கான, கை கால் வெட்டப்பட்ட பதிப்பு. திரையின் பின்படத்தைக்கூட மாற்றமுடியாது. பாஸில் அதெல்லாம் முடியும். ஆனாலும் நான் உட்பட என் வகுப்பில் எல்லோரும் விண்டோஸில்தான் கிடந்தோம், சீக்கிரமே திருட்டு அல்டிமேட்டுக்குப் போனோம். வெளியே எந்த டி.டி.பி. சென்டருக்குப் போனாலும், எந்த வேலைக்குப் போனாலும் அதுதான். இரண்டு கதவு வைத்துவிட்டு ஒரு கதவுக்கு மட்டும் தெருவைக் காட்டினால் எந்தப் பிள்ளை மற்றதைத் திறக்கும்?

உக்கடத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வாளையாறு. அதைத் தாண்டினால் அரசுப் பள்ளிகளில் லினக்ஸ். அங்கேயும் 2001-ல் ஐ.டி.@ஸ்கூல் திட்டம் விண்டோஸில்தான் தொடங்கியது. அதன் பாடநூல் ஒரே கம்பெனியின் பொருளைக் கற்பிக்கிறது என்று எதிர்த்துக் கிளம்பியது கே.எஸ்.டி.ஏ. என்கிற இடதுசாரி ஆசிரியர் சங்கம். கட்டற்ற மென்பொருள்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். சில வருஷ இழுபறிக்குப் பிறகு ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆசிரியர்களைக் கொண்டே பயிற்சி கொடுக்க வைத்து, 2008 வாக்கில் பத்தாம் வகுப்புக் கணினிப் பாடமும் தேர்வும் லினக்ஸுக்கு மாறின. ஆட்சிகள் மாறின, அது மாறவில்லை. 2017-ல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாகவே ஆனது. இன்னொரு விஷயமும் உண்டு. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழுவினர் எழுத்துருக்களைச் செய்து பொதுவில் விட்டிருந்தார்கள். அதனால் அங்கே லினக்ஸ் தாய்மொழியோடு சேர்ந்து வகுப்புக்குள் வந்தது.

கேரளத்தை நான் சொர்க்கமாக்கவில்லை. பாலக்காட்டுக் கடை ஒன்றில் பில் போடுவதும் விண்டோஸில்தான். தமிழிலும் உழைத்தவர்கள் குறைவில்லை. கே.டி.ஈ., க்னோம் திரைகளைத் தமிழாக்கியவர்கள், 2012 ஜனவரியிலிருந்து 'கணியம்' மின்னிதழை நடத்துகிறவர்கள் எல்லாம் சொந்த நேரத்தைக் கொட்டியவர்கள். ஆனால் அவர்களுக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும், அவர்களுக்கும் அந்த நீதிமன்ற வாசலுக்கும் நடுவே ஒரு பாதை விழவில்லை. சங்கங்களுக்கு அவர்கள் 'கம்ப்யூட்டர் பசங்க'. அவர்களுக்குச் சங்கங்கள் பென்ஷன் கேட்கிற பெரியவர்கள். நம் சிறுபத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. பிரதி, அதிகாரம், கட்டுடைப்பு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் விண்டோஸில் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டுத்தான் அச்சுக்குப் போனது. அதைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

2010 ஜூன் 23-ம் தேதி கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கியது. அவினாசி ரோடு புதுசாகியிருந்தது. யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழுக்கான குறியேற்றங்களாக ஏற்கும் அரசாணைக்கும் அதே தேதிதான். நல்ல ஆணை, தாமதமான ஆணை. மாநாட்டுப் பந்தலில் அது பெரிய செய்தி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த நீதிமன்ற வாசலுக்கு அது வந்து சேர எத்தனை வருஷம் ஆயிற்று என்று அந்த அக்காவிடம் கேட்டேன். 'வந்துருச்சுங்களா?' என்றார்.

இந்தக் கட்டுரையை யூனிகோடில் அடித்திருக்கிறேன். வடிவமைப்பாளர் இதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுவார். மாற்றும்போது சில இடங்களில் கொம்பு இடம் மாறி நிற்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் பண்ணி, 'ஏனுங்க, மூணாம் பக்கத்துல ஒரு வார்த்தை படிக்க வரலீங்க' என்பார். படித்துச் சொல்லவேண்டும்.